செத்தவீட்டுப் பந்தலில் சோயா

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஈரப்பதமானியை வெளியே எடுத்தார். தானியத்துக்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று காட்டும் கருவி அது. பார்வைக்குப் பழைய டிரான்சிஸ்டர் மாதிரி இருக்கும். அவர் அதைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கிப் பார்த்தார்.

"உது என்ன வேலைக்கு?"

"சோயா அறுவடை பார்க்க வந்திருக்கேங்க. பல்கலைக்கழகத்துல விரிவாக்கத் துறை."

"சோயாவோ? அது இஞ்சை எல்லாக் கடையிலையும் கிடக்குதே. அதைப் பாக்கவோ இந்தியாவிலை இருந்து வந்தனீங்கள்?"

அவர் சொன்னது பொட்டலத்தில் வரும் சோயாமீட்டை. இறைச்சி போலவே கறி வைப்பார்கள். சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமை, விரதம், கோயில் திருவிழா என்று வந்துவிட்டால் அதுதான் விருந்து. நான் சிரித்துவைத்தேன். சோயாவை எப்படிப் பயிரிடுவது என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லித் திரிகிறேனே தவிர, சமைத்த சோயாவின் வாசனை எனக்கு ஆகவே ஆகாது. இந்த விஷயம் என் துறையில் யாருக்கும் தெரியாது.

வந்த வேலை இதுதான். இந்தப் பக்கத்து விவசாயிகளைப் புகையிலையை மெல்ல மெல்லக் கைவிடச் சொல்கிறது அரசாங்கம். வெங்காயத்துக்கும் அடுத்த வெங்காயத்துக்கும் நடுவே மண்ணுக்கு நல்லது செய்கிற ஒரு பயிர் வேண்டும். எங்கள் பல்கலைக்கழகமும் இங்குள்ள விவசாயப் பேராசிரியர்களும் சேர்ந்து, வலிகாமத்தில் சில விவசாயிகளுக்குச் சோயா விதை கொடுத்திருந்தார்கள். விதைப்பைப் பார்க்கவும் பூ வந்ததைப் பார்க்கவும் மூத்தவர்கள் வந்து போனார்கள். அறுவடைக் காலத்தில் வெயில் அதிகம் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

தங்கியது கொக்குவிலில், ஓய்வுபெற்ற ஆசிரியை ரோசலின் ரீச்சர் வீட்டில். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து அங்கேயே படிப்பித்தவர். ஊரில் பாதிப் பேர் அவருடைய மாணவர்கள், மீதிப் பேர் மாணவர்களின் பிள்ளைகள். வீட்டு மதிலுக்குப் பின்னால் ரயில் பாதை. ரயில் வரும்போது ரீச்சர் பேச்சை நிறுத்துவார். போன பிறகு, சொல்லின் நடுவில் நிறுத்தியிருந்தாலும் சரி, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

காலையில் இடியப்பம், சொதி, சம்பல். எங்கள் பொள்ளாச்சியில் ஓர் இடியாப்பம் தட்டையே அடைத்துக்கொள்ளும். இங்கே உள்ளங்கை அளவில் சின்னச் சின்னதாய் அடுக்கி வைக்கிறார்கள். எத்தனை சாப்பிட்டோம் என்பது நமக்குத் தெரிவதில்லை. ரீச்சருக்குத் தெரிந்திருந்தது.

"என்ன, குருவி கொறிக்கிற மாதிரிக் கொறிக்கிறீர்? ஒழுங்காச் சாப்பிடும்."

அன்று இரவு எனக்காகவே விசேஷமாகச் சோயாமீட் கறி வைத்திருந்தார். சோயா ஆராய்ச்சிக்காரிக்கு வேறு எதைக் கொடுப்பது என்று அவருக்கும் தோன்றியிருக்கும். சாப்பிட்டேன். "பிடிச்சிருக்கோ?" என்றார். பிடித்திருக்கிறது என்றேன். அதனால் அடுத்த நாளும் கிடைத்தது.

என்னைத் தோட்டங்களுக்கு அழைத்துப்போனவர் குகதாசன். விவசாயப் போதனாசிரியர் என்பது அவர் பதவி. எங்கள் பக்கம் வேளாண்மை அலுவலர் என்போம். போதிப்பார் என்று எதிர்பார்க்க மாட்டோம். என் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு மரியாதை கொடுத்து என்னை "டொக்டர்" என்றே கூப்பிட்டார். அவருடைய மோட்டார் சைக்கிள் மருதனார்மடச் சந்தியில், ஆஞ்சநேயர் கோயிலுக்கு நேர் எதிரே, செயினைக் கழற்றிவிட்டு நின்றது. சந்தையில் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவரும் செயினைத் தொடவில்லை. குகதாசன் தானே மாட்டிவிட்டு, எண்ணெய்க் கையால் கும்பிடக் கூடாதென்று முழங்கைகளைச் சேர்த்து ஆஞ்சநேயருக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

சந்தியிலிருந்து உள்ளே திரும்பினால் சிவந்த செம்பாட்டு மண். எங்கள் பக்கத்துச் செம்மண் இதன் முன்னால் சோகை பிடித்தது போலத் தெரியும். வெங்காயம், மரவள்ளி, வாழை என்று ஒவ்வொரு பாத்தியும் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. எல்லாம் பச்சை. நடுவில் மலர் என்பவரின் மூன்று பரப்புத் தோட்டம் மட்டும் மஞ்சளாக நின்றது. பரப்பு என்பது இவர்களுடைய நில அளவு.

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சோயா முற்றினால் இலையெல்லாம் பழுத்து உதிர்ந்துவிடும். காய் பழுப்பாகிக் குலுங்க ஆரம்பிக்கும். அந்தச் சமயத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தண்ணீரை நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பது. சொல்லிக்கொடுப்பதில் இதைவிடக் கடினமான பாடம் எங்கள் துறையில் கிடையாது.

மலருக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் வெங்காய லொறியோடு தம்புள்ளைச் சந்தைக்கும் வீட்டுக்குமாக அலைபவர், அதனால் தோட்டம் முழுக்க இவர் பொறுப்பு. "உப்பிடி மஞ்சளா நிண்டாத்தான் சரி எண்டு எனக்குத் தெரியும் மிஸ். ஊருக்குத் தெரியாதே" என்றார். "றோட்டாலை போறவை சைக்கிளை நிப்பாட்டிக் கேக்கினம், ஏன் பிள்ளை, இறைக்கிற மெஷினுக்கு எண்ணெய் இல்லையோ எண்டு."

இந்தப் பக்கத்தில் பாத்தி காய்வதென்றால் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது மாதிரி. இரண்டு வாரமாக மலர் முக்காடு போடாத குறையாகத் தோட்டத்துக்கு வந்து போயிருக்கிறார்.

அவர் அவமானத்தைச் சகித்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. குடியிருக்கும் வீடு அவருக்குச் சீதனமாக வந்தது. தோட்டம் அண்ணன் ரவியின் பங்கு. ரவி கனடாவில். அந்த நிலத்தில் கலியாண மண்டபம் கட்ட ஒருவர் கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தார். "இந்த ஒரு போகம் பாப்பம். உன்ரை சோயா விதைக்கெண்டு தேறினால் தோட்டம் உன்னட்டையே இருக்கட்டும். இல்லாட்டி விக்கிறன்" என்று ரவி தொலைபேசியில் சொல்லிவிட்டார். விதைக்குத் தேறுவதென்றால், விளைந்ததை முளைக்க வைத்துப் பார்த்து, பெரும்பகுதி முளைக்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவள் நான்.

தோட்டத்தோடு சேர்ந்து ஒரு கிணற்றுப் பங்கும் இருந்தது. ஐந்து குடும்பத்துக்கு ஒரே கிணறு. ஒவ்வொரு குடும்பமும் தண்ணீர் இறைக்க ஒரு நாள், அதற்கு முறை என்று பெயர். நிலத்தை விற்றால் முறையும் அதோடு போய்விடும். முறையை யாரும் வீணாக்குவதில்லை. முறை நாளில் மழை பெய்தாலும், வழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று மெஷினை ஒரு தடவை இயக்கிவிட்டு நிறுத்துகிறவர்கள் உண்டாம். மலர் தொடர்ந்து தன் முறையை எடுக்காமல் விட்டது அந்தக் கிணற்றின் சரித்திரத்தில் நடக்காதது என்று குகதாசன் சொன்னார்.

தேநீருக்கு வீட்டுக்குப் போனோம். உள்ளறையில் மலரின் தகப்பனார் படுத்த படுக்கையாக இருந்தார். ஐயா என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். குகதாசன் வாசலிலிருந்தே "டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன்" என்று சத்தம் போட்டதில், வீட்டுக்கு வந்திருந்த மலரின் சித்தி ஐயாவின் மாத்திரைகளை எல்லாம் ஒரு தட்டில் வைத்து என்முன் நீட்டினார். நான் விழித்தேன். "அவ சோயா டொக்டர் சித்தி" என்றார் மலர். சித்தி தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டுபோய், அதே தட்டில் பிஸ்கட் கொண்டுவந்தார்.

சோயா என்ற சொல் ஐயாவின் காதில் விழுந்துவிட்டது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"தோட்டத்துக்கு இறைச்சாச்சோ?"

"இப்ப தண்ணி தேவையில்லீங்க. இனிமே தண்ணியே வேண்டாங்க" என்றேன், விரிவாக்கப் பணியாளருக்கு உரிய தெளிவோடு. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கட்டிலின் மறுபக்கம் கந்தசாமி உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தோட்டக்காரர், கிணற்றில் மலருக்கு அடுத்த முறைக்காரர். ஐயா அவர் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். பல்லில்லாத வாய், போதாததற்கு யாழ்ப்பாணத் தமிழ், எனக்குப் புரியவில்லை. கந்தசாமி தலையை ஆட்டினார். மலர் தேநீர்க் குவளையோடு பக்கத்தில் நின்றார்.

காய் காயும்வரை எனக்கு வேலை இல்லை. ஒரு நாள் யாழ்ப்பாண நகரத்துக்குப் போகலாமென்று பஸ் ஏறினேன். எதிர்ப்பக்க நிறுத்தத்தில் ஏறியிருக்க வேண்டும் என்பது கடலைப் பார்த்தபோது புரிந்தது. பாட்டுச் சத்தத்தில் நடத்துநர் ஊர் பெயர்களைச் சொன்னது கேட்கவில்லை. அது மயிலிட்டி, மீன்பிடித் துறைமுகம். "இறங்குங்கோ, இனிக் கடல்தான்" என்றார் நடத்துநர். வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் எனக்கு என்ன வேலை என்று விசாரித்தார். சோயா என்றேன். "அது மீன் கிடையாத ஆக்கள் தின்னுறது" என்று எனக்காகப் பரிதாபப்பட்டார். அங்கே ஒரு கடையில் சாப்பிட்ட மீன் குழம்பை நினைத்தால், அவர் பரிதாபப்பட்டது நியாயம்தான்.

அங்கே இருந்தபோதுதான் குகதாசன் தொலைபேசியில் கூப்பிட்டார். ஐயா போய்விட்டார்.

உடலைக் காக்க வைத்தார்கள். கனடாவிலிருந்து மகன் வர வேண்டும். முற்றத்தில் தகரப் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் கதிரைகள் இறக்கினார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து தேநீரும் சோறும் வந்துகொண்டேயிருந்தன. எங்கள் பக்கத்திலும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் கொண்டுவரும் சொந்தக்காரர்கள் சாப்பாட்டோடு ஒரு சண்டையையும் சேர்த்துக் கொண்டுவருவார்கள். இங்கே சாப்பாடு மட்டும் வந்தது.

ரவி கையில் ஒரு குளிர்ச்சட்டையோடு வந்து இறங்கினார். தலை நரைத்திருந்தது. தகப்பன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அழுகிற மனிதர் மாதிரி தெரியவில்லை. அழத் தெரியாமல் நின்றவர் மாதிரி இருந்தார். சுடலைக்கு ஆண்கள் மட்டும் போனார்கள். பெண்களோடு நானும் வீட்டில் இருந்தேன். ரோசலின் ரீச்சர் வெள்ளைச் சேலையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ரவிக்கு நான்தான் கணக்குப் படிப்பிச்சனான். ஒண்டும் ஏறேல்லை" என்றார் மெதுவாக. சற்று யோசித்து, "அதுதான் கனடாவுக்குப் போனவன்" என்று சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் சாம்பல் அள்ளும் காரியம் முடிந்தது. மலர் வீட்டை விட்டு வெளியே வர முடியாது. துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்குப் பதிலாக நானும் குகதாசனும் தோட்டத்தைப் பார்க்கப் போனோம்.

தோட்டம் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றது. உதிர்ந்த மஞ்சள் இலைகள் வாய்க்காலில் மிதந்து போயின. தெற்கிலிருந்து வரும் சோளகக் காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. சேற்றில் பிடிமானம் தளர்ந்த செடிகள் சாய்ந்து, முற்றிய காய்களோடு தண்ணீரில் கிடந்தன. குகதாசன் தலைக்கவசத்தைக் கழற்றி வரப்பில் வைத்தார். செத்தவீட்டில்கூட அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

கந்தசாமி மண்வெட்டியோடு வந்தார். கூடவே கிணற்றின் மற்றப் பங்காளிகள் மூன்று பேர். எல்லோர் முகத்திலும் நல்ல காரியம் செய்த களைப்பு.

"பாத்தீங்களோ மிஸ். விடிய வெள்ளெனத் துவங்கி மூண்டு தரம் இறைச்சனாங்கள். செத்தவீட்டுக்காரரின்ரை முறை வீணாப் போகக் கூடாது. எண்ணெய் என்ரை." பிறகு குரலைத் தாழ்த்தி, "சரியா மஞ்சளிச்சுக் கிடந்தது. யூரியாவும் கொஞ்சம் எறிஞ்சனான்" என்றார்.

எங்கள் பக்கம் வீட்டில் துக்கம் என்றால் பக்கத்துத் தோட்டக்காரர் வரப்பை அரை அடி நம் பக்கம் தள்ளி வைப்பார். அதைக் கேட்கலாம், திட்டலாம், தாசில்தாரிடம் போகலாம். சொந்த எண்ணெயில் தண்ணீர் இறைத்து, சொந்த யூரியாவும் போட்டுவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறவர்களை என்ன சொல்வது? எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

அப்போது ரவி வந்தார், காலிலிருந்து கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"உதுதான் அந்தச் சோயாவோ?"

"ஓம்" என்றார் குகதாசன்.

"செத்துப்போச்சே."

"இல்லைத் தம்பி, இப்பதானே இறைச்சனாங்கள், நாளைக்கு நிமிரும்" என்றார் கந்தசாமி.

ரவி என்னைப் பார்த்தார். கந்தசாமியும் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது, துக்கம் வந்தது, ஒரு பைத்தியக்காரச் சிரிப்பும் வந்தது. மூன்றையும் விழுங்கிவிட்டு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நல்லவேளை தண்ணி விட்டீங்க. இந்த மண்ணு காய்ஞ்சா கல்லு மாதிரி ஆயிரும். இப்ப நனைஞ்சிருக்கறதால வேரோட சுலபமா வரும். இன்னிக்கே எல்லாத்தையும் புடுங்கியாகணுங்க."

குகதாசன் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு வரப்பைப் பார்த்தார்.

"நானும் அப்பவே நினைச்சனான், பிடுங்க லேசா இருக்கும் எண்டு" என்றார் கந்தசாமி.

மதியத்துக்குள் பாதிக்கு மேல் பிடுங்கினோம். யூரியாத் தண்ணீர் காலை அரித்தது. ரவி முதலில் தொலைபேசியோடு வரப்பில் நின்றார். கந்தசாமி ஒரு கட்டுச் செடியைப் பிடுங்கி, "தம்பி, உதை ஒருக்காப் பிடியும்" என்று நீட்டினார். கையில் வாங்கியதைச் சேற்றில் வைக்க முடியாது. அதைக் கரையேற்றப் போனவர் திரும்பி வரும்போது காற்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டியிருந்தார். பின்னேரம் வரை யாரோடும் பேசாமல் பிடுங்கினார். நன்றாகத்தான் பிடுங்கினார்.

அடுத்த கேள்வி எங்கே காய வைப்பது. வெங்காயக் கொட்டில்கள் எல்லாம் வெங்காயத்தால் நிறைந்து கிடந்தன. தார்ச்சாலையில் போட்டால் பஸ் மிதித்துவிடும். வீட்டு முற்றத்தில் சேறு சொட்டச் சொட்டக் கட்டுகளை வைத்துக்கொண்டு எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். மேகம் கூடியிருந்தது.

வாசலில் வந்து நின்ற மலர், "பந்தல் சும்மாதானே கிடக்கு" என்றார்.

மாத்திரைத் தட்டு நீட்டிய சித்திதான் முதலில் எதிர்த்தார். "செத்தவீட்டுப் பந்தலிலை விளைச்சலைத் தூக்கிக் கட்டுறதோ? எங்கையாவது கேள்விப்பட்டிருக்கிறியே?"

"கூடாதெண்டு பைபிளிலை எங்கையும் போடேல்லை" என்றார் ரோசலின் ரீச்சர், கதிரையை விட்டு எழுந்திருக்காமலே. சைவ வீட்டில் இந்தத் தீர்ப்பு எப்படிச் செல்லும் என்று யாரும் கேட்கவில்லை. சித்தியும் ரீச்சரிடம் படித்தவர்தான்.

கொட்டிலில் வெங்காயம் கட்டித் தொங்கவிட்டுப் பழகிய கைகள். கட்டு கட்டாக முடிந்து, வேர் மேலேயும் காய் கீழேயுமாகத் தகரத்தின் அடியில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் சோயாவுக்குக் கீழே குனிந்து வந்து உட்கார்ந்து, ஐயாவைப் பற்றிப் பேசினார்கள், அழுதார்கள், தேநீர் குடித்தார்கள். ஒரு சிலர் இது கனடாவில் புதிதாக வந்திருக்கிற முறையோ என்று ரவியிடம் விசாரித்தார்கள். அவர் ஓமென்றுவிட்டார்.

இரண்டு மூன்று நாளில் கந்தசாமியின் புகழ் பரவிவிட்டது. சோயா பிடுங்குவதற்கு முதல் நாள் மூன்று தரம் இறைக்க வேண்டும், இந்தியாவிலிருந்து வந்த மிஸ்ஸே பாராட்டினார் என்று மருதனார்மடச் சந்தையில் பேசிக்கொள்வதாகக் குகதாசன் வந்து சொன்னார். நான் நாடு திரும்பிய பிறகு அதைத் திருத்துவது அவர் பாடு. "அதுக்குத்தானே டொக்டர் என்னைப் போதனாசிரியர் எண்டு வைச்சிருக்கினம்" என்றார்.

காய்ந்தவற்றில் ஒரு பிடி உரித்து, கொக்குவிலில் என் அறையில் ஈரத் துவாய்த் துண்டு ஒன்றில் சுருட்டி வைத்தேன். முளைக்கிறதா என்று பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது. ரீச்சர் தினமும் துவாய்க்குத் தண்ணீர் தெளித்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அதற்காக ஜெபித்ததாகவும் சொன்னார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு வந்தது. ஐயாவுக்குப் படையல். வாழையிலையில் அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்திருந்தார்கள். அதில் சோயாமீட்டும் இருந்தது. வெயில் ஏறியது. தகரம் சூடாக, மேலே தொங்கிய காய்கள் ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கின. டக் என்று ஒரு சத்தம், கதிரையில் ஒரு விதை. பிறகு இன்னொன்று. தேவாரம் பாடிக்கொண்டிருந்தவரின் தலையில் ஒன்று. அவர் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்ததும் ஒருவர் குனிந்து பொறுக்கினார், பக்கத்திலிருந்தவர் தானும் குனிந்தார். கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்க நல்ல வேட்டி கட்டிய மனிதர்கள் கதிரைகளுக்கு அடியில் தவழ்ந்து கொண்டிருந்தார்கள். மலர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு. உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் படையல் சோற்றில் சோயாமீட் கறியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வாசனை அப்படியேதான் இருந்தது.

அடுத்த நாள் நான் கிளம்ப வேண்டும். பந்தல்காரர் தகரத்தைக் கழற்ற வந்துவிட்டார். கந்தசாமியும் மற்றவர்களும் சோயாக் கட்டுகளை அவிழ்த்துச் சாக்கில் உதறிக்கொண்டிருந்தார்கள். நான் துவாயைக் கொண்டுபோய் மலரின் சமையலறை மேசையில் வைத்தேன். ரவி வந்து நின்றார்.

"பிரியுங்கோ டொக்டர்."

பிரித்தேன். சில விதைகள் நன்றாக வெள்ளை வால் விட்டிருந்தன. சில வீங்கி, தோல் வெடித்து, குழைந்து போயிருந்தன. குழைந்தவைதான் அதிகம். புளித்த வாடை அடித்தது. பார்க்கிற யாருக்கும் விளங்கும், இருந்தாலும் ரவி என் வாயையே பார்த்தார்.

"விதைக்குத் தேறாதுங்க. முத்துன காயில தண்ணி பட்டுக் கெட்டுப்போச்சு" என்றேன். அதைச் சொல்வதற்காகத்தான் அந்த ஊருக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். என் வேலையை அவ்வளவு வெறுத்த நாள் வேறில்லை.

மலர் மேசையருகே வந்தார். குழைந்த விதைகளை விரலால் ஒருபக்கம் ஒதுக்கினார்.

ரவி தங்கையிடம் திரும்பினார். "கந்தசாமி அண்ணையாக்கள் இறைச்சது உனக்குத் தெரியாமல் போச்சு. தெரிஞ்சிருந்தால் மறிச்சிருப்பாய்."

"தெரியும்" என்றார் மலர்.

"என்ன தெரியும்?"

"மெஷின் சத்தம் கேட்டது. அண்டைக்கு எங்கடை முறை. ஆரையும் அனுப்பி மறிச்சிருக்கலாம். சும்மா இருந்திட்டன்."

"தண்ணி பட்டால் பழுதாப் போகும் எண்டு தெரிஞ்சுகொண்டோ?"

"ஓம்." அவர் விதைகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஐயா கந்தசாமி அண்ணையின்ரை கையைப் பிடிச்சுக் கேட்டவர், பிள்ளையின்ரை தோட்டம் காயுது, நீ ஒருக்கா இறை எண்டு. நான் பக்கத்திலைதான் நிண்டனான். கந்தசாமி அண்ணை ஓமெண்டவர். ஐயா கடைசியாக் கேட்டது அது. நான் எப்பிடிப் போய் மறிக்கிறது? தோட்டம் போனால் போகட்டும் எண்டு இருந்திட்டன் அண்ணை."

ரவி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வேறை என்ன கேட்டவர்?"

"வேறை ஒண்டும் கேக்கேல்லை."

அவர் வெளியே போனார். சமையலறை ஜன்னல் வழியாக எங்களுக்குத் தெரிந்தது. பந்தலில் பாதித் தகரம் கழன்று வெயில் உள்ளே விழுந்திருந்தது. கந்தசாமி சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். ரவி அவர் முன்னால் போய் நின்று, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கந்தசாமி அண்ணை, எங்கடை முறை எண்டைக்கு?"

கந்தசாமி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "நாளைக்கு, தம்பி."

"மெஷினை எப்பிடி ஸ்ரார்ட் பண்ணுறதெண்டு எனக்கு ஒருக்காக் காட்டித் தாங்கோ."

மலர் துவாயை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார். முளைத்ததும் குழைந்ததுமாக அதிலிருந்த விதைகள் எல்லாம் தரையில் சிதறின.

தோட்டத்தில் அப்போது ஒரு செடிகூடக் கிடையாது. எல்லாவற்றையும் நாங்களேதான் பிடுங்கியிருந்தோம். நாளைக்கு இறைக்க அங்கே வெறும் மண்தான் இருந்தது. ஒரு விரிவாக்கப் பணியாளர் இந்த இடத்தில் குறுக்கிட்டு அதைச் சொல்லியாக வேண்டும். நான் குனிந்து விதைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.